கிடங்கில் என்ன முளைத்திருக்கிறது? அகழப்பட்ட நிலத்தைக் கணக்கெடுத்தல்

2018இல் எங்கள் காணி விடுவிக்கப்பட்டபோது அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கில் விட்டுவந்த வீட்டை இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பார்க்கப் போனோம். வீடு இல்லை. கிணற்றுக்கட்டை வைத்துத்தான் இடத்தைப் பிடித்தோம். கிணற்றைச் சுற்றி வேம்பும் இப்பில் இப்பிலும் ஆள் நுழைய முடியாதபடி நின்றன. குசினி இருந்த இடத்தில் நின்ற வேப்பமரம் என் இரண்டு கைக்குள் அடங்கவில்லை. வேலியாக நட்ட கிளுவைகள் மரமாகி, வேலி எந்தப் பக்கம் போனது என்பதையே மறைத்துவிட்டன.

அன்று பின்னேரம் அப்பா இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும் என்றார். அவர் காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990இல் போரோடு நின்றுபோனது. அதற்காகச் சுண்ணக்கல் அகழ்ந்த கிடங்குகளில் பாதை திறந்திருந்த ஒன்றின் விளிம்புக்குப் போனோம். அடியில் பச்சைத் தண்ணீர். சுவர் முழுக்க வெள்ளைக் கல். வெடிப்புகளில் ஒன்றிரண்டு ஆலங்கன்று, தட்டையான இடங்களில் எருக்கலை, காய்ந்த புல். அவ்வளவுதான்.

வீட்டுக் காணியும் இந்தக் கிடங்கும் ஒரே ஆண்டில் மனிதரை இழந்தவை. இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே வெயில், ஒரே காற்று. ஒன்று காடாகிவிட்டது, மற்றது கல்லாகவே கிடக்கிறது. ஏன் என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்பாவாகவே சொன்னார்: “அங்க மண் இருந்தது பிள்ளை. இங்க நாங்கள் மண்ணை வழிச்சுப்போட்டெல்லே கல்லை எடுத்தனாங்கள்.”

அப்பா தாவரவியல் படித்தவரில்லை. ஆனால் அதற்கு முந்திய ஆறு ஆண்டுகள் மேற்கு அவுஸ்திரேலியாவில் நான் சம்பளம் வாங்கிச் செய்த வேலையின் முதற்பாடத்தை இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டார்.

என் வேலை இதுதான்: கனிமம் அகழ்ந்து முடித்து, நிலத்தைச் சீர்செய்து, விதை தூவிய பிறகு, அங்கே என்ன முளைத்தது, எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்று எண்ணுவது. ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் களப்பணியாளராக இருந்தேன். முதல் நாள், மைன் நிலத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, கூட வேலை செய்த ஒருவர் எந்த வகை மைன் என்று கேட்டார். ஆங்கிலத்தில் சுரங்கத்துக்கும் கண்ணிவெடிக்கும் அதே சொல்தான். இரண்டும்தான் என்றேன்.

இந்தக் கட்டுரை அந்த எண்ணும் வேலையைப் பற்றியது. அது நமக்கு ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஜரா காட்டில்

பேர்த் நகரத்துக்குத் தெற்கேயும் கிழக்கேயும் டார்லிங் மலைத்தொடரில் பரந்திருப்பது ஜரா காடு. ஜரா என்பது யூகலிப்டஸ் இனத்தில் ஒரு மரம். சிவந்த, கனமான, கறையான் எளிதில் தொடாத மரம். அந்தக் காட்டின் அடியில், மேற்பரப்பிலிருந்து அதிக ஆழமில்லாமல், நாலைந்து மீற்றர் தடிப்பில் பொக்சைட் கிடக்கிறது. அலுமினியத்தின் மூலப்பொருள். அல்கோவா நிறுவனம் 1963இல் ஜராடேல் என்ற இடத்தில் அகழத் தொடங்கியது. ஆழமாகக் குடையும் சுரங்கம் அல்ல. காட்டை வெட்டி, மண்ணை வழித்து, பொக்சைட்டை வாரிக்கொண்டு, அடுத்த துண்டுக்கு நகர்வது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் ஒரு பகுதி புதிதாகத் திறக்கப்படும், ஒரு பகுதி மூடப்படும். ஐந்து வயது, பதினைந்து வயது, முப்பது வயது நிலங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கும். மீட்சியைப் படிக்க இதைவிட வசதியான இடம் உலகில் அதிகம் இல்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்; அவ்வளவு காடு போயிருக்கிறது.

1966 அளவில் மீள்நடுகை தொடங்கியபோது அவர்கள் நட்டவை பைன் மரங்களும், அந்த நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து கொண்டுவந்த யூகலிப்டஸ் வகைகளும். ஜராவின் வேரை அழுகச்செய்யும் ஒரு நோய்க்கிருமி மண்ணில் பரவியிருந்தது. அதைத் தாங்கும் மரங்களைத் தேடினார்கள். மரங்கள் நன்றாகவே வளர்ந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் காடு. உள்ளே போனால் அந்தக் காட்டுக்குரிய செடிகள் குறைவு. 1988 முதல்தான் ஜராவையும் அதன் கூட்டாளியான மரியையும் முதன்மையாக விதைக்கத் தொடங்கினார்கள். இருபது ஆண்டுப் பச்சை, தவறான பச்சை. அதைத் தவறு என்று காட்டியது கண் அல்ல, கணக்கு.

இப்போதைய முறையில் மேல்மண்தான் முதற்பொருள். புதிதாக வெட்டும் துண்டிலிருந்து மேலே உள்ள மெல்லிய மண்படையைத் தனியாக வழித்து, அன்றே அல்லது சில நாட்களிலேயே, மூட வேண்டிய துண்டில் பரப்புவார்கள். பெரும்பாலான செடிகளின் விதைகள் அந்தச் சில சென்ரிமீற்றருக்குள்தான் உறங்குகின்றன. குவித்து வைத்தால் விதை செத்துவிடும், மண்ணின் நுண்ணுயிர்களும் குறையும். அதற்கு முன், லொறிகளும் இயந்திரங்களும் ஏறி இறுகிய அடிமண்ணை ஒன்றரை மீற்றர் ஆழம்வரை கீறிவிடுவார்கள். இல்லையேல் வேர் இறங்காது. பிறகு விதைத் தூவல், முளைக்க அடம்பிடிக்கும் செடிகளுக்கு நாற்றுமேடை, ஒருமுறை உரம். அதன்பிறகு மனிதர் வெளியே வந்துவிட வேண்டும்.

நாங்கள் உள்ளே போவது அப்போதுதான். ஒன்பதாம் மாதத்தில் மரக்கன்றுகளையும் அவரைக் குடும்பச் செடிகளையும் எண்ணுவோம். போதாவிட்டால் அந்தப் பருவத்திலேயே திரும்ப விதைக்கலாம். பதினைந்தாம் மாதத்தில், முதற்கோடையைத் தாங்கி எவை தப்பின என்பதைப் பார்த்து, எல்லா இனங்களையும் எண்ணுவோம். இருபது மீற்றருக்கு இருபது மீற்றர் சதுரம், நாலு மூலையிலும் முளை, சுற்றிலும் கயிறு. அதற்குள் முழங்காலில் ஊர்ந்து பார்ப்போம். இரண்டு இலை விட்ட நாற்று, பெருவிரல் நகத்தளவுகூட இருக்காது. அது என்ன செடி என்று இரண்டு பேர் அரைமணி நேரம் தர்க்கப்படுவோம். தெரியாததைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி எடுத்துப்போவோம். முகாமில் நிவாரணப் பட்டியலுக்கு வரிசையில் நின்று பழகிய எனக்கு, ஒரு செடியைக்கூட விட்டுவிடாமல் எழுதும் அந்தக் கவனம் முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது.

அதே நாளில், அல்லது அதே வாரத்தில், பக்கத்தில் அகழப்படாத காட்டிலும் அதே அளவுச் சதுரத்தில் எண்ணுவோம். இதை ஒப்பீட்டுத் தளம் என்கிறோம். இது இல்லாமல் முதற்கணக்குக்குப் பொருளே இல்லை. நாற்பது இனம் முளைத்தது என்றால் நல்லதா கெட்டதா? பக்கத்துக் காட்டில் எத்தனை என்று தெரிந்தால்தான் சொல்லலாம்.

2001 அளவில், பதினைந்து மாத நிலங்களில் எண்ணப்பட்ட உள்ளூர் இனங்களின் சராசரி எண்ணிக்கை அகழப்படாத காட்டுக்குச் சமமாகிவிட்டது என்று நிறுவனம் அறிவித்தது. நூற்றுக்கு நூறு. உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் சாதனை அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. செடிகளை எண்ணியவள் என்ற முறையில் அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் எண்ணிக்கை சமமானால் ஆட்கள் அதே ஆட்கள் என்று ஆகாது. மீள்விதைத்த நிலத்தில் அக்கேசியா போன்ற வேகமாக வளரும் செடிகள் காட்டில் உள்ளதைவிட நெருக்கமாக நிற்கும். காட்டுத்தீக்குப் பிறகு நிலத்தடிக் கிழங்கிலிருந்தோ வேரடியிலிருந்தோ மீண்டும் துளிர்க்கும் நீண்டகாலச் செடிகள் குறைவாக இருக்கும். அவை விதை கொடுப்பதே அரிது. ஆய்வுகூடத்தில் இழையத்திலிருந்து வளர்த்து ஒவ்வொன்றாக நட வேண்டியிருக்கிறது. மொத்தத் தொகை மட்டும் கேட்கும் அறிக்கையில் இந்த வித்தியாசம் தெரியாது. பெயர்ப் பட்டியல் கேட்டால் தெரியும்.

இங்கே புகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜரா காட்டுச் செடிகள் பலவற்றின் விதைகள் மழைக்கு மட்டும் எழும்புவதில்லை. நெருப்பின் புகைக்கு எழும்புகின்றன. பேர்த் நகரத்துக் கிங்ஸ் பார்க் தாவரவியல் பூங்கா ஆய்வாளர்கள் இதை 1990களில் விரிவாகக் காட்டினார்கள். புகையில் விதையை எழுப்பும் அந்த வேதிப்பொருளை 2004இல் அடையாளம் கண்டார்கள். இப்போது விதைகளைப் புகை கலந்த நீரில் நனைத்துத் தூவுகிறார்கள்.

முதலில் எறும்பு, கடைசியில் கிளி

செடி வந்தால் விலங்கு தானாக வரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மை. எந்த விலங்கு, எப்போது என்பதில்தான் விடயம் இருக்கிறது.

கேர்ட்டின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஜொனதன் மேஜர், 1970களிலிருந்து இந்த நிலங்களில் எறும்புகளை எண்ணினார். ஏன் எறும்பு? எங்கும் இருக்கிறது, பிடிப்பது சுலபம், ஒவ்வோர் இனத்துக்கும் தனித் தேவை இருக்கிறது. சில வெட்டவெளி வெப்பத்தை விரும்பும், சில விதை பொறுக்கும், சில சருகுக்கு அடியில் வேறு பூச்சிகளை மட்டும் வேட்டையாடும். எந்த எறும்பு இருக்கிறது என்று பார்த்தால் மண்ணுக்கும் சருகுக்கும் என்ன நடந்திருக்கிறது என்று அறியலாம். முறை மிக எளிது: சிறு பிளாஸ்ரிக் குவளையை நிலமட்டத்துக்குப் புதைத்து, அடியில் சிறிது திரவம் விட்டு, சில நாள் கழித்து எடுப்பது. மயில் வந்தால் எல்லோரும் படம் எடுப்பார்கள். எறும்பை யாரும் எடுப்பதில்லை. ஆனால் நிலத்தின் நிலைமையைச் சொல்வது எறும்புதான்.

பறவைகள் வேகமாக வரும், சிறகு இருக்கிறதே. விடியலில் குறித்த இடத்தில் குறித்த நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதுவோம். பத்து வயதான நிலத்தில் காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை தென்பட்டுவிடும். ஊர்வன அப்படியல்ல. விழுந்து உக்கிய மரத்தடியின் கீழும் பொந்துகளிலும் வாழும் ஓர் அரணை இனம் காட்டில் சாதாரணமாக இருக்கும், மீள்விதைத்த நிலத்தில் அரிது. அதற்காக மரக்கட்டைகளைக் குவித்துப் போட்டுப் பார்த்தார்கள். குவித்த கட்டை காட்டுக் கட்டையாகவில்லை.

கறுத்தக் கொக்கட்டூ என்ற பெருங்கிளிகளின் கதை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அங்குள்ள மூன்று வகைகளும் அழிவை எதிர்நோக்குபவை. எட்டு, பத்து வயதான நிலத்திலேயே அவை வந்து விதை தின்னத் தொடங்கிவிடும். கமராவில் பதிந்தால் அறிக்கைக்கு அழகான படம். ஆனால் முட்டையிட அவற்றுக்கு வயதான மரத்தின் பொந்து வேண்டும். அப்படிப் பொந்து விழ ஜராவுக்கும் மரிக்கும் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சாப்பிட வருகிறது, குடியிருக்க முடியாது. விடுவிக்கப்பட்ட காணியைப் பகலில் துப்புரவாக்கிவிட்டுப் பின்னேரம் வாடகை வீட்டுக்குத் திரும்பும் ஆட்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். நானும் அப்பாவும் அப்படித்தான் திரும்பினோம். வந்து போவதையும் மீளக்குடியமர்வதையும் ஒரே கட்டத்துக்குள் எழுதும் படிவங்களை நான் பிறகு எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

சுண்ணக்கல்லில் நடந்த ஒன்று

ஜரா நிலத்தில் மண் இருந்தது. எடுத்து வைத்துத் திரும்பப் போட்டார்கள். நமது கிடங்குகளில் போட மண்ணே இல்லை. எனவே நமக்கு நெருக்கமான உதாரணம் கென்யாவில் இருக்கிறது.

மொம்பாசாவுக்கு அருகில் பம்புரியில் 1954இல் சீமெந்துத் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. முருகைக்கல்லிலிருந்து உருவான சுண்ணக்கல், கரையோரம், உப்புக் கலந்த நிலத்தடி நீர், வெயில். காங்கேசன்துறை ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை. 1971இல் ரெனே ஹாலர் என்ற சுவிஸ் விவசாய வல்லுநர் அகழ்ந்து விட்ட வெறும் கல்லில் 26 வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். மூன்று மட்டும் பிழைத்தன. ஒன்று தென்னை. ஒன்று அந்தக் கரையோர மரம் ஒன்று. மூன்றாவது சவுக்கு, காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் பெயர் கொடுத்த அதே சவுக்கு.

சவுக்கின் வேரில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும். எனவே மண்ணில்லாமலும் வளர்ந்தது. ஆனால் உதிர்ந்த ஊசிச் சருகு உக்கவில்லை, பாய் விரித்ததுபோல் கிடந்தது. உக்காவிட்டால் மண் பிறக்காது. பிறகு, சிவந்த கால்களுடைய உள்ளூர் மரவட்டை ஒன்று அந்தச் சருகைத் தின்பதை ஹாலர் கண்டார். மரவட்டைகளைச் சேர்த்துக் கொண்டுவந்து விட்டார். அவை தின்று கழித்ததில் கல்லின் மேல் கறுப்பு மண் படியத் தொடங்கியது. அதன்பிறகே வேறு மரங்களை நட முடிந்தது. ஒரு சீமெந்துக் கிடங்கில் காடு எழும்பியதற்கு மரவட்டை காரணம் என்றால் சிரிப்பு வரும். கணக்கெடுப்பில் மரவட்டைக்கும் ஒரு நிரல் வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான்.

அந்த இடம் இன்று ஹாலர் பூங்கா. 2004 டிசெம்பர் சுனாமி கென்யக் கரையையும் தொட்டபோது, தாயைப் பிரிந்து கடலில் தவித்த நீர்யானைக் குட்டி ஒன்றை மீனவர்களும் ஊராரும் சேர்ந்து மீட்டு இங்கேதான் கொண்டுவந்தார்கள். அது நூறு வயது தாண்டிய ஆமை ஒன்றுடன் ஒட்டிக்கொண்ட செய்தியும் படமும் அப்போது உலகமெங்கும் போனது. நம் கரையில் நாங்கள் உடல்களைத் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை; நான் அந்தச் செய்தியைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பம்புரியில் ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் கொண்டுவந்து விடப்பட்டவை. மரவட்டையால் உருவான மண்ணில் தானாக முளைத்த செடியும், தானாகப் பறந்து வந்த பறவையும் வேறு வகை. பூங்கா அழகானது, அது மீட்சியின் அளவுகோல் அல்ல. யாரும் கொண்டுவராமல் வந்தவை எவை என்பதைத் தனியாக எழுதினால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும்.

எண்ணாத கிடங்குக்கு என்ன நடக்கும்

இனி நமக்கு ஏன் என்பது.

புத்தளம் மாவட்டத்தில் அருவக்காடு என்ற இடத்தில் சீமெந்துக்காகச் சுண்ணக்கல் அகழப்பட்டது. வில்பத்துவுக்கு அண்மையான, யானை நடமாடும் வறள்வலயக் காட்டுப் பகுதி. அங்கே அகழ்ந்த நிலத்தில் ஒரு பகுதியில் உள்ளூர் மரங்களை மீள நடும் வேலை, இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் பங்களிப்போடு நடந்தது. அதே அருவக்காட்டின் இன்னொரு பகுதி வேறு விதமாகப் பெயர் பெற்றது. 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொழும்புக் குப்பைக்கு வேறு இடம் தேட வேண்டிய அவசரம் கூடியது. ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தள்ளி, அருவக்காட்டின் பழைய சுண்ணக்கல் கிடங்குகள் இருந்தன. புத்தளம் மக்கள், அவர்களில் 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் உண்டு, மாதக்கணக்கில் போராடினார்கள். 2019 ஓகஸ்டில் குப்பை போகத் தொடங்கியது.

கிடங்கு என்றால் வெற்றிடம் என்பதே திட்டமிடுபவர்களின் கண்ணோட்டம். வெற்றிடம் என்றால் எதையாவது இட்டு நிரப்பலாம். அங்கே எது முளைத்திருக்கிறது, எது தண்ணீர் குடிக்க வருகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு எழுதிய ஒரு கொப்பி ஊராரின் கையில் இருந்தால் குப்பை வராமல் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் “அங்கே ஒன்றும் இல்லை” என்ற வசனத்தை எழுதுவது கடினமாகும்.

வலிகாமத்தில் இந்த விடயம் இன்னும் கூர்மையானது. நம் குடிநீர் முழுதும் அந்தச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்தான் நிற்கிறது. நாங்கள் போன கிடங்கின் ஒரு மூலையில் அப்போதே பிளாஸ்ரிக் பைகளும் கட்டட இடிபாடுகளும் கொட்டிக் கிடந்தன. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த காலத்தைப் பார்த்த ஆட்களுக்கு, கிடங்கில் போடுவது கிணற்றில் வரும் என்று விளங்கவைக்கத் தேவையில்லை.

சட்டத்தைக் கேட்டால், அகழ்வுக்கு அனுமதி பெறுபவர் நிலத்தை மீளச் சீர்செய்ய வேண்டும் என்ற கடப்பாடு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தில் இருக்கிறது. காங்கேசன்துறைத் தொழிற்சாலை நின்றது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக.

எப்படித் தொடங்கலாம்

பெரிய பணம் தேவையில்லை. பாடசாலைச் சூழல் கழகம் ஒன்றோ, சனசமூக நிலையம் ஒன்றோ செய்யக்கூடிய வேலை. முதலில் பாதுகாப்பு: வெடிபொருள் அகற்றியதாக உறுதிப்படுத்தப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்க வேண்டாம். காணி விடுவிக்கப்பட்டது என்பது மட்டும் போதாது. கிடங்கின் விளிம்பு உள்ளே குடைந்திருக்கும், சிறுவர்களைத் தண்ணீர்ப் பக்கம் விடவே கூடாது. பெரும்பாலான எண்ணும் வேலையை மேல்தட்டிலிருந்தே செய்யலாம்.

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஒவ்வோர் ஆண்டும் ஒரு படம். நிற்கும் இடத்துக்கு ஒரு கல்லில் வர்ண அடையாளம். இதற்கு மேல் எதுவும் செய்ய இயலாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து இதற்கு விலை கிடையாது.

அடுத்து மூன்று சதுரங்கள். பத்து மீற்றருக்குப் பத்து போதும். ஒன்று கிடங்கின் வெறுங்கல் தட்டில். ஒன்று மண் ஒதுங்கியிருக்கும் ஓரத்தில். மூன்றாவது, அகழப்படாத, ஆனால் அதே 1990இல் ஆளில்லாமல் போன காணியில், உரிமையாளரின் சம்மதத்தோடு. இந்த மூன்றாவது நமக்குத் தற்செயலாகக் கிடைத்த ஒப்பீட்டுத் தளம். மண்ணுள்ள நிலமும் மண்ணில்லாத நிலமும் ஒரே நாளில் கைவிடப்பட்டு, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தொடப்படாமல் கிடந்ததை எந்த விஞ்ஞானியும் வேண்டுமென்று ஏற்படுத்தியிருக்க முடியாது, ஏற்படுத்தவும் கூடாது. அந்தக் காணிகள் வேகமாகத் துப்புரவாக்கப்படுகின்றன, துப்புரவாக்கத்தான் வேண்டும், சனம் இருக்க வேண்டுமே. ஆகவே எண்ணுவதற்கு அதிக காலம் இல்லை.

ஆண்டுக்கு இருமுறை எண்ணுங்கள். மாரி முடிந்த தை, மாசியில் ஒருமுறை. ஆவணிக் கோடையில் ஒருமுறை. மாரிக்குப் பின் கல்லில்கூடப் பச்சை தெரியும். கோடையைத் தாங்கி நிற்பதுதான் வேர் பிடித்தது. பெயரை ஊர்ப்பெயரிலேயே எழுதுங்கள், படத்தை இணைத்துவிடுங்கள். விஞ்ஞானப் பெயரைப் பல்கலைக்கழகத்தில் உள்ளவர்கள் பிறகு சேர்க்கலாம். பார்த்தீனியத்தைத் தனி நிரலில் எழுதுங்கள். இந்திய இராணுவம் இங்கு நின்ற காலத்தில் வந்து சேர்ந்தது என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தச் செடி, இடிந்த நிலத்தை எவரையும்விட முந்திப் பிடிக்கும். ஜரா காட்டில் ஒவ்வொரு சதுரத்துக்கும் போகும் முன் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவோம், வேரழுகல் நோயை நாங்களே காவிப்போகாமல் இருக்க. பார்த்தீனிய விதையும் சப்பாத்துச் சேற்றில்தான் போகும். அதே பழக்கம் இங்கும் வேண்டும்.

பறவைக்கு விடியலில் இருபது நிமிடம். புலுனியும் செண்பகமும் பற்றைக்கு வரும், கொக்கும் மீன்கொத்தியும் நீர்க்காகமும் தண்ணீருக்கு வரும். கூடு கண்டால் அதைப் பெரிதாக எழுதுங்கள். எறும்புக்குக் குவளை. ஆய்வுகூட வசதியுள்ள பாடசாலை என்றால் கிணற்றுநீர், கிடங்குநீர் இரண்டிலும் உவர்த்தன்மையை அளந்து அதே கொப்பியில் சேர்க்கலாம்.

செய்மதிப் படங்களும் உதவும். பச்சையிலை சிவப்பொளியை உறிஞ்சிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தெறிக்கவைக்கும். இந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்து தாவரச் சுட்டெண் ஒன்று கணிக்கப்படுகிறது. 1972இல் தொடங்கிய லான்ட்சாட் செய்மதிகளின் களஞ்சியம் 2008 முதல் எவருக்கும் இலவசம். 2015 முதல் சென்ரினல் செய்மதி பத்து மீற்றர் துல்லியத்தில் படம் தருகிறது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் நாங்கள் கால் வைக்க முடியாத ஆண்டுகளிலும் செய்மதி மேலால் போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊர் மெல்ல மெல்லப் பச்சையாவதையும், கிடங்குகள் மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகவே நிற்பதையும் நான் பேர்த்தில் இருந்துகொண்டு கணினித் திரையில் பார்த்தேன். ஆனால் செய்மதிக்கு வேம்பும் பார்த்தீனியமும் ஒரே பச்சை. அதை அறிய ஆள் இறங்கிப் பார்க்க வேண்டும்.

அன்று விளிம்பில் நின்றபோது, கைப்பையில் இருந்த கொப்பியை எடுத்துத் திகதியை எழுதினேன். எருக்கலை, ஆல், நாயுருவி, ஆமணக்கு, ஒரு புல். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எதிர்ச்சுவரை நெடுநேரம் பார்த்தார். அங்கே, இரண்டாள் உயரத்தில், கல்வெடிப்பு ஒன்றில் சிறு விசிறிபோல ஏதோ விரிந்திருந்தது. எனக்கு அது ஏதோ பன்னம் என்று பட்டது.

“வடலி,” என்றார். “எழுது. ஒண்டு.”